முப்பட்டை ஊசி

(தூத்துக்குடியில் ஒரு தையல் வட்டத்தின் ஆண்டுக் கண்காட்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



என் கையில் இரண்டு ஊசிகள் இருக்கின்றன. முன்வரிசைக்குத் தெரியும். பின்வரிசைக்குத் தெரியாது. அதனால் உயர்த்திப் பிடிக்கிறேன்.

ஒன்று என் தாத்தாவுடையது. தோணிக்குப் பாய் தைத்த ஊசி. மற்றது சில வருஷம் முன்பு நம் வட்டத்துக்குத் தபாலில் வந்த பெட்டிக்குள் இருந்தது. கம்பளி மயிரைக் குத்திக் குத்திப் பொம்மையாக்குகிற ஊசி. ஒன்று பழுப்பேறியது, மற்றது பளபளப்பானது. இரண்டுக்கும் நடுவே எழுபது வருஷம். ஆனால் இரண்டையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். நம் வீட்டில் பொத்தான் தைக்கிற ஊசி வழுக்கிக்கொண்டு உருளும். இவை உருளமாட்டா. முனைப்பக்கம் விரலில் தட்டும். ஏன்? இரண்டும் முப்பட்டை.

பாய் ஊசியின் முனை மூன்று விளிம்போடு இருப்பது, தடித்த கித்தானில் பாதை வெட்டிக்கொண்டு போவதற்காக. கம்பளி ஊசியின் மூன்று விளிம்பிலும், நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கிகள் மயிரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போவதற்காகத்தான் அந்த மூன்று விளிம்பு. எழுபது வருஷத்துக்கு முன்பு கடலுக்குப் போன ஊசியும், சில வருஷம் முன்பு தபாலில் வந்த ஊசியும், உடன்பிறந்தவர்கள்போல ஒரே உடம்போடு இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இரண்டு ஊசிக்கும் நடுவே இந்தக் கரையில் எத்தனை ஊசி இருந்தது? அவற்றை யார் யார் பிடித்தார்கள்? அந்தக் கைகளுக்கு என்ன கூலி, என்ன பெயர் கிடைத்தது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் ஊருக்கு என்ன பெயர்? முத்துநகர். ரயிலுக்கு என்ன பெயர்? முத்துநகர். கடையைத் திறந்தால் முத்து, மண்டபம் கட்டினால் முத்து. கொற்கைக் காலத்திலிருந்து முத்துதான் நம் பெருமை. சரி, அந்த முத்து எப்படி மேலே வந்தது? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மூச்சை அடக்கி இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கச்சியின் தாலி பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா! அடியில் இறங்கியவர் ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் அள்ளுவார். அள்ளி எதில் போடுவார்?

வலைப்பையில்.

முத்தைப் பாடினார்கள். கல்லைச் சொன்னார்கள். கயிற்றைச் சொன்னார்கள். மச்சானைக்கூடச் சொன்னார்கள். வலைப்பையைச் சொன்னார்களா? அதன் ஒரு கண் விட்டுப்போனால் அந்த மூச்சுக்கு மூழ்கியது அத்தனையும் வீண். அந்தப் பையை முடிச்சுப் போட்டுப் பின்னிய கை ஒன்று கரையில் இருந்தது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு இந்தக் கரையின் முத்துக்குளிப்பு நின்றது. அந்தக் கடைசிக் குளிப்பு வரைக்கும் ஒரு கை முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இப்போது என் தாத்தாவிடம் வருகிறேன். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் வரிசையாக நின்ற காலம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு காற்றை நம்பிப் போன தோணிகள். காற்று சும்மா தள்ளுமா? பாய் வேண்டும். ஒரு பாய் என்பது நாலாக மடித்து நம் வீட்டுக் கூடத்தில் விரித்தால்கூட அடங்காத துணி. அதை மணலில் விரித்துப் போட்டு, துணிக்கு நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தைப்பார்கள். நான் சின்னப் பிள்ளை. தூக்குச் சட்டியில் நீத்தண்ணி கொண்டுபோவேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கடலுக்கு நடுவே தாத்தா ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிவார்.

உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார். அதில் பெருவிரலுக்குக் கீழே குழிகுழியாக ஒரு இரும்பு வில்லை. நமக்கு விரலில் அங்குஸ்தான் எப்படியோ, அவருக்கு உள்ளங்கையில் அந்த வில்லை. ஊசியின் காதுப்பக்கத்தை அந்தக் குழியில் வைத்து, தோளிலிருந்து பலம் கொடுத்துத் தள்ளுவார். விரலால் தைப்பது நம் தையல். தோளால் தைப்பது அவர் தையல். நூலைத் தேன்மெழுகு உருண்டையில் ஒரு இழுப்பு, மறு இழுப்பு. அப்புறம்தான் துணிக்குள் விடுவார். மெழுகு ஏறிய நூல் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் உள்ளே போகாது. நானும் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு உதவிக்கு உட்காருவேன். "ஏட்டி, ஊசிய வாயில வைக்காத. கடல்ல போறவன் உசிரு இதுல தொங்குது" என்பார். அன்று எனக்கு அது அதட்டல். இன்றைக்கு யோசித்தால், ஒரு தொழிலாளி தன் வேலையின் கனத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று அவருக்குக் கணக்கு உண்டு. விளிம்பில் கயிறு வைத்துத் தைக்கிற இடத்தில் வேறு கணக்கு. புயலில் பாய் கிழிந்து வந்த தோணியைப் பார்த்தால், முதலில் தையல் விட்டிருக்கிறதா, துணி விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். துணி கிழிந்து, தையல் நின்றிருந்தால் அன்று வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். பிறகு தோணிக்கு இயந்திரம் பொருத்தினார்கள். பாய் சிறுத்தது. தாத்தாவின் பட்டை ஆணியில் தொங்கியது. ஊசியை மட்டும் ஆச்சி எடுத்துத் தன் ஊசித் திண்டில் குத்தி வைத்தாள்.

அந்த ஊசித் திண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் உப்பு. ஊசியை மேசையில் வைத்தால் ஒரே வாரத்தில் துரு. ஆச்சி என்ன செய்தாள்? தலை சீவும்போது சீப்பில் வருகிற முடியைச் சேர்த்துச் சேர்த்துத் திண்டுக்குள் அடைத்தாள். முடியில் இருக்கிற எண்ணெய் ஊசியைத் துருவிலிருந்து காக்கும். வெளிநாட்டில் இதே வேலைக்கு ஆட்டுக் கம்பளியை அடைப்பார்கள். கம்பளியிலும் இயற்கையாகவே ஒரு கொழுப்பு இருக்கிறது. ஆச்சிக்குக் கம்பளி கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துச் செய்தாள். இன்றைக்கும் அந்தத் திண்டிலிருந்து உருவிய ஊசிதான் இது. பாருங்கள், துரு இல்லை.

வலையைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மீனவர் வாழும் திரேஸ்புரத்துப் பிள்ளைகள் இங்கே பாதிப் பேர். பருத்தி நூலில் வலை முடிந்து, மரப்பட்டை வேக வைத்த துவர்த் தண்ணியில் முக்கி எடுத்து, கரையில் காயப் போட்ட காலத்தை உங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்வார்கள். நைலான் வந்தது. இயந்திரம் பின்னிய வலை சுருள் சுருளாக வந்தது. வலை முடிந்து காசு பார்த்த பெண்களின் கையிலிருந்து அந்தக் காசு போயிற்று. கிழிந்ததைப் பொத்துகிற வேலை மட்டும் மனிதக் கையில் மிஞ்சியிருக்கிறது. அவ்வளவுதான், மேலே போகிறேன்.

இன்னொரு ஊசி. அதற்கு முன்னால் மூன்று சொல். பொத்தான். துவாலை. ரேந்தை. மூன்றும் நம் சொல் என்றுதான் நினைக்கிறோம். மூன்றும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தவை. லேஸ் என்பதற்கு நம் பழைய அகராதிகள் தருகிற சொல்தான் ரேந்தை. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் கால் வைத்தவர்கள் கோயிலோடு பீடத் துணியையும் கொண்டுவந்தார்கள். பீடத் துணியோடு ரேந்தை வந்தது. ரேந்தையோடு அதைப் பின்னுகிற வேலையும் வந்து சேர்ந்தது. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம். அன்று மேலே ஏறுகிற கொடியை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அந்தக் கொடிக்கும் ஒரு தையல் உண்டு, ஓரம் மடித்து அடித்த ஒரு கை உண்டு என்று இந்த வருஷம் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது, தாய்மார்களே, நம் தென்கோடிப் பெண்களின் கதை. ஊசியும் நூலும் மனுஷியை விடுதலை செய்த கதை.

1820-களில் நாகர்கோவில். திருவிதாங்கூர் ஆட்சி. அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, அதில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். உருளைபோல ஒரு கெட்டித் தலையணை. அதன்மேல் துளை போட்ட அட்டை. துளைக்கு ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். குறுக்கே ஒரு போடல், முறுக்கி ஒரு திருப்பல். இரண்டே அசைவுதான். அந்த இரண்டு அசைவில் பூ விழும், இலை விழும், வலை விழும். நாற்பது ஐம்பது கட்டைகள் ஒன்றோடொன்று மோதும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, தூரத்தில் கோலாட்டம் அடிக்கிறதுபோல இருக்கும்.

அந்த லேஸ் விலைபோயிற்று. கூலி வந்தது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் என்ன வாங்கினார்கள் தெரியுமா? கம்மல் வாங்கினார்களா? சேலை வாங்கினார்களா? தங்களையே வாங்கினார்கள்! எஜமானுக்குக் காசைக் கொடுத்துத் தங்கள் உடம்பைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாணை வந்தது 1855-இல். அரசாணை வருவதற்கு முன்னாலேயே குண்டூசியும் மரக்கட்டையும் ஆணை எழுதிவிட்டன.

அதே மண்ணில்தான் தோள்சீலைப் போராட்டம். ஒரு பெண் தன் மேலுடம்பை மூடிக்கொள்ளலாமா கூடாதா என்று தெருவில் அடிதடி நடந்த காலம். அதே மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மீட் அம்மையார் ஒரு தளர்ந்த சட்டையை வடிவமைத்துத் தைக்கக் கொடுத்தார். குப்பாயம். வெட்டுத் துணி நாலு, தையல் ஆறேழு. இவ்வளவுதானே ஒரு சட்டை? அந்தச் சட்டையைப் போட்டதற்காகச் சந்தையில் கிழித்தார்கள். கிழித்ததை மறுபடி தைத்துப் போட்டார்கள். மறுபடி கிழித்தார்கள், மறுபடி தைத்தார்கள். 1859 ஜூலையில் அரசாணை வந்தது. இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஜாவைப் பேசுகிறார்கள், திவானைப் பேசுகிறார்கள், பாதிரியாரைப் பேசுகிறார்கள். கிழிந்த குப்பாயத்தை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து திரும்பத் தைத்த பெண்ணைப் பேசுகிறவர்கள் எங்கே?

மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா. நாகர்கோவில் மண்ணில் பிறந்து, தமிழைத் தாய்மொழிபோலப் பேசி வளர்ந்தவர். 1844-இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்கு வந்தார். தேரிக்காடும் பனையும் வெயிலும் மட்டும் இருந்த இடையன்குடி. கால்டுவெல் உட்கார்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். 1856-இல் அது அச்சேறியது. உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான், தமிழர்கள் அனைவரும் அதற்குக் கடன்பட்டவர்கள். அதே வீட்டில் எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அம்மாவிடம் கற்ற லேஸைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே கூரையின் கீழ் ஒருவர் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் நூல்களை. இடையன்குடி லேஸ் கடல் கடந்து போயிற்று. பனையேறிக் குடும்பத்துப் பெண்களின் கைக்கு, பனங்கருப்பட்டி தவிர, முதன்முதலாக ஒரு காசு வந்தது.

பின்னாளில் பிஷப்பான கால்டுவெல்லின் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் மனைவியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கட்டை உருட்டியவர்களை மொத்தமாக லேஸ்காரப் பெண்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஒருத்தியா இரண்டு பேரா? தலைமுறை தலைமுறையாகப் பின்னியவர்கள்! 

நம் நாசரேத்திலும் தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, கனோன் மர்காஷிஸ் என்ற பாதிரியார் காலத்தில், தொழிற்பள்ளி வந்தது. பஞ்சத்தில் தாய்தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குக் கையில் ஒரு தொழில் என்று ஆரம்பித்தது. மணப்பாட்டில் இன்றைக்கும் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். குருத்தோலையை நகத்தால் கிழித்துச் சாயம் ஏற்றிப் பின்னுகிறார்கள். ஓலைக்கும் ஊசி உண்டு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல நேரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து எல்லோரும் மணப்பாட்டுக்குப் போய்வருவோம்.

தையலுக்கு நூல் வேண்டாமா? நூலைப் பற்றிப் பேசினால் இந்த ஊரில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வ.உ.சி.

வ.உ.சி. என்றால் கப்பல். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம். எல்லோருக்கும் தெரியும். கப்பல் விட்ட மனிதர் நெசவுச்சாலையும் வைத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தருமசங்க நெசவுச்சாலை என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் துணி வேண்டாம் என்று சொல்வது சுலபம். அப்படியானால் எதை உடுத்துவது என்று கேட்டால் பதில் வேண்டும் அல்லவா? அந்தப் பதில்தான் நெசவுச்சாலை. 1908 பிப்ரவரி 27. நம் ஊர்க் கோரல் மில்லில் வேலைநிறுத்தம். பொழுது விடியுமுன் போய் இருட்டிய பின் வீடு திரும்பிய தொழிலாளர்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். சில நாளிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி பாதிக்குப் பாதி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. அடுத்த சில நாளில் வ.உ.சி. கைதானார். பிற்பாடு செக்கிழுத்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாம் இந்த மண்டபத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறோம்.

கோரல் மில்லை நடத்திய ஹார்வி குழுமத்தின் மதுரை மில்லும், ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனமும் 1974-இல் ஒன்றாயின. அதுதான் மதுரா கோட்ஸ். நீங்கள் எம்பிராய்டரிக்குக் கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, நங்கூரம் படம் போட்ட ஆங்கர் நூல், ஆறு இழை, 8 மீட்டர் கண்டு? அந்த நூல் அந்த வழியில் வந்தது. துறைமுகத்துப் பெண்கள் நங்கூர நூலால் தைக்கிறோம்! ஆறு இழையில் இரண்டைப் பிரித்து ஊசியில் கோக்கும்போது, 1908-இல் கதிரடியில் கண் விழித்து நின்ற பிள்ளைகளை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

சரி, இரண்டாவது ஊசிக்கு வருகிறேன். கம்பளி ஊசி.

இதைப் பார்த்தவுடன் நம் வட்டத்திலேயே ஒரு கேள்வி வந்தது. "ஏக்கா, நம்ம ஊரு வெயிலுக்குக் கம்பளி எதுக்கு?" நியாயமான கேள்வி. நம் மாவட்டத்து ஆட்டைப் பாருங்கள். வேம்பூர் ஆடு, உடம்பெல்லாம் செம்புள்ளி, பொட்டு ஆடு என்போம். கீழக்கரிசல் ஆடு இன்னொன்று. இரண்டும் மயிராடு. கம்பளி கிடையாது. கரிசல் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு எந்த ஆடு மேயும்? ஆகவே கம்பளி நமக்கு வெளியூர்ச் சரக்கு. நீலகிரி ஆட்டில் நல்ல மெல்லிய கம்பளி உண்டு. திருச்சிக் கறுப்பில் முரட்டுக் கம்பளி உண்டு. நமக்கு முதல் பெட்டி தபாலில்தான் வந்தது.

பெட்டி வந்தது. பரணில் ஏறியது. யாரும் தொடவில்லை. பிறகு 2023 டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழை ஒரு பகலிலும் ஒரு ராத்திரியிலும் கொட்டித் தீர்த்தது. நாம் கூடுகிற வீட்டில் இடுப்பளவு தண்ணீர். தையல் மெஷின் மூழ்கியது. நூல் பெட்டி மூழ்கியது. சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கி, மூன்று மாத வேலை முகம் கழுவாத பிள்ளைபோல நின்றது. பரண் சாய்ந்து கம்பளியும் சேற்றுக்குள்.

தண்ணீர் வடிந்த பிறகு கம்பளியை எடுத்தோம். சேறு போக வேண்டுமே என்று சுடுதண்ணி வைத்து, சவுக்காரம் போட்டு, துணி துவைக்கிறதுபோல கும்மித் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அது சுருங்கியது. மெத்தென்று இருந்தது கெட்டியானது. பிரித்துப் பார்த்தால் பிரியவில்லை. இழுத்தால் கிழியவில்லை. கெட்டுவிட்டது என்று ஒரு தங்கச்சி அழுதுவிட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைத் தடிமனில் ஒரு துணி! நெய்யவில்லை, பின்னவில்லை, தைக்கவில்லை. துணி பிறந்திருக்கிறது!

அதுதான் ஃபெல்ட். காஷ்மீரத்தில் நம்தா விரிப்பு என்று ஒன்று உண்டே, அதே வித்தை. கம்பளி மயிர் ஒவ்வொன்றின்மேலும் மீன் செதிள்போல அடுக்கடுக்கான செதிள்கள் இருக்கின்றன. சுடுதண்ணியும் சவுக்காரமும் கசக்கலும் சேர்ந்தால் செதிள் விரிந்து மயிரோடு மயிர் மாட்டிக்கொள்ளும். மாட்டியது மாட்டியதுதான். தண்ணீர் இல்லாமல் இதையே செய்வதற்குத்தான் கொக்கி ஊசி. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் ஊசியைப் பலகையில் பதித்துக் குத்தி விரிப்பும் தடுப்பும் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊசியில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துப் பொம்மை செய்யலாமே என்று கைவினைக்காரர்களுக்குத் தோன்றியது 1980-களில்தான். வயதில் நம்மில் பலரைவிட இளைய கலை.

ஸ்பாஞ்சின்மேல் கம்பளி உருண்டையை வைக்க வேண்டும். நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும். சாய்த்தால் ஊசி முறியும். முதலில் 36-ஆம் நம்பர் ஊசி, பருமன். உருவம் பிடிபட்ட பின் 38. மூக்கு முழிக்கு 40, மெல்லியது. குத்தக் குத்த உருண்டை கெட்டியாகிக்கொண்டே வரும். எங்கே அதிகம் குத்துகிறோமோ அங்கே குழியும். கண் வேண்டுமா, கண் இருக்க வேண்டிய இடத்தில் குத்து. வாய் வேண்டுமா, வாயில் குத்து. மண்பொம்மையை விரல் செய்கிறது, இதை ஊசி செய்கிறது. சத்தம் கேட்டிருக்கிறீர்களா? மொறுக், மொறுக் என்று, புதுப் பனங்கிழங்கைக் கடிக்கிற மாதிரி.

இந்த வட்டத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். உப்பளத்தில் வேலை. பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். அவருக்கு மெல்லிய நூல் வேலை வராது. ஏன்? விரல் நுனியெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. பட்டு நூல் வெடிப்பில் மாட்டும், இழை பிரியும். ஆறு மாதம் முயன்று, எனக்கு இது விதிக்கவில்லை என்று போகப் பார்த்தார். அப்போது கம்பளி ஊசி கைக்கு வந்தது. வெடித்த விரலுக்குக் கம்பளி கோபித்துக்கொள்ளவில்லை. நூலே இல்லாத தையலுக்கு விரல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆவுளியா செய்தார்.

கடற்பசு என்று புத்தகத்தில் படிக்கிறோமே, நம் கரையில் ஆவுளியா. மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேய்கிற சாதுவான பிராணி. அவருடைய அப்பா பார்த்திருக்கிறார். இவர் பார்த்ததில்லை. அப்பா சொல்லச் சொல்லக் குத்தினார். "மூக்கு இன்னும் கீழ மடங்கணும். பன்னி மூஞ்சி மாதிரி, ஆனா பாவமா இருக்கணும்." பாவமாக இருக்கிற மூஞ்சியை எப்படிக் குத்துவது? மூன்று மூஞ்சி செய்து பிய்த்துப் போட்டார். நாலாவதில் வந்துவிட்டது. அப்பா கையில் வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லவில்லையாம். தாய் ஆவுளியாவின் பக்கத்தில் ஒரு குட்டி இருக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது குட்டியும் இருக்கிறது. இடது பக்க மேசையில் இரண்டாவது வரிசை. பேச்சு முடிந்ததும் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு பாருங்கள். இமைக்கு அவர் சாம்பல் கம்பளியில் நாலே மயிர் வைத்திருக்கிறார்.

வெயிலூருக்குக் கம்பளி எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் அந்த ஆவுளியாதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. இதே ஆவுளியாவை ஒரு கடைக்காரர் பார்த்தார். எந்தக் கடை என்பது வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்தார். எடை போடுகிறதுபோலத் தூக்கிப் பார்த்து, "கம்பளி கொஞ்சந்தானே ஆகியிருக்கும்?" என்றார். கம்பளிக்கு விலை சொன்னார். அதைச் செய்த நாற்பது மணி நேரத்துக்கு விலை சொல்லவில்லை. அப்பாவின் கண்ணுக்கு விலை சொல்லவில்லை. நம் சகோதரியும், போகட்டும், பொழுதுபோக்குதானே என்றார்.

பொழுதுபோக்கா? எனக்கு அந்தச் சொல்லின்மேல் தீராத கோபம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். கணக்கு டீச்சர் பாடம் முடிக்க என் பீரியடைக் கடன் வாங்குவார். நான் ஒருமுறைகூட அவர் பீரியடைக் கடன் வாங்கியதில்லை. தாத்தா பாய் தைத்தது பொழுதுபோக்கா? நாகர்கோவிலில் தன்னைத்தானே மீட்ட பெண் பின்னியது பொழுதுபோக்கா? இன்றைக்கு நம் தெருவுக்குத் தெரு கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை நடக்கிறது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை வாங்கி, முத்து, கண்ணாடி, ஜரிகை வைத்து, ராத்திரி இரண்டு மணிவரை குனிந்த தலை நிமிராமல் செய்கிறார்கள். முத்துநகரத்துப் பெண்கள் பிளாஸ்டிக் முத்தைக் கோத்துக் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று எல்லோரும் கேட்பது என்ன? "எந்தக் கடையில் எடுத்தது?" யார் கை என்று கேட்பார் உண்டா?

அதனால்தான், தாய்மார்களே, இந்த வருஷக் கண்காட்சியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு. அதில் மூன்று விவரம். செய்தவர் பெயர். எடுத்த மணி நேரம். யாரிடம் கற்றது. விலை அதற்குக் கீழேதான். மூன்றையும் படித்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும். பெயர் போட வெட்கமாக இருக்கிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள். "நம்ம பேரெல்லாம் எதுக்குக்கா" என்றார்கள். உப்பளத்துச் சகோதரி கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவர் சீட்டில் மணி நேரம் இருக்கிறது, அப்பாவிடம் கேட்டுச் செய்தது என்று இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. அவர் விருப்பம், மதிக்கிறேன். ஆனால் அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இடையன்குடி ஞாபகம் வருகிறது என்பதையும் இந்த மேடையிலேயே அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மேலே நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, தடித்த அட்டை போட்டது. உங்கள் வீட்டில் வலை முடிந்தவர், பாய் தைத்தவர், லேஸ் பின்னியவர், பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்தவர், மில்லில் கதிர் பார்த்தவர், யார் இருந்தாலும் அவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இன்னார் ஆச்சி, இன்னார் பாட்டி என்று உறவை எழுதுங்கள். என்ன ஊசி பிடித்தார் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் எழுதுவார்கள். முதல் பக்கத்தில் தாத்தா பெயரையும், முடியடைத்த திண்டு வைத்திருந்த ஆச்சி பெயரையும் நான் எழுதிவிட்டேன். பாய் ஊசியையும் அந்த மேசையிலேயே வைக்கப்போகிறேன். பக்கத்தில் ஸ்பாஞ்சும் கொஞ்சம் கம்பளியும் 36-ஆம் நம்பர் ஊசியும் இருக்கும். இரண்டையும் விரலில் உருட்டிப் பாருங்கள். குத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேராகக் குத்தி நேராக எடுங்கள்.